உம்மாவை இருத்திவிடக் கோச்சிக்குள் ஏறலாமா?

ஏறாவூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் கொஞ்சம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, எனது உம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலும் சரியில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்காக இரவுக் கோச்சியில் கொழும்புக்குப் போவார். அங்கே தெமட்டகொடையில் தங்கச்சி வீடு. ஏறாவூர் ஸ்டேஷனில் நானும் கூடவே ஏறி, இருக்கையைத் தேடி இருத்தி, சாமான்களை மேலே வைத்துவிட்டு இறங்குவது வழக்கம். போன முறை தயிர்ச் சட்டியை மேலே வைத்துச் சரிபார்த்துக்கொண்டு நிற்கையில் கோச்சி நகர்ந்துவிட்டது. குதித்துவிட்டேன். உள்ளங்கை உரிந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் உம்மா கொழும்பு போய்ச் சேரும்வரை அழுதுகொண்டே போனாராம். அதற்கு முந்திய முறை டிக்கெட் பார்க்கிறவர் என்னிடம் டிக்கெட் கேட்டார். மேடைச் சீட்டு எடுத்தால் உள்ளே ஏறலாம் என்கிறார் மச்சான். சட்டப்படி ஏறலாமா, கூடாதா?"

தம்பி, நீங்கள் சட்டத்தைக் கேட்கிறீர்கள். அதற்குச் சுருக்கமான பதில் ஒன்று இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் மேடையில் கொடியோடு நின்றவன் என்ற முறையில், உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது 'குதித்துவிட்டேன்' என்ற ஒரு சொல்தான். அதை எவ்வளவு லேசாக எழுதியிருக்கிறீர்கள்!

முதலில் மச்சானின் பேச்சு. மேடைச் சீட்டு, பெயரிலேயே சொல்கிறபடி, மேடையில் நிற்பதற்கு. வழியனுப்ப வருகிறவர், கூட்டிப்போக வருகிறவர் உள்ளே வந்து நிற்கலாம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பெட்டிக்குள் கால் வைத்துவிட்டால், டிக்கெட் பார்க்கிறவரின் கண்ணுக்கு நீங்கள் பயணச்சீட்டு இல்லாமல் கோச்சியில் இருக்கிற ஆள். மகனா, மருமகனா, வெறும் கையோடு கொழும்புக்குப் போகப் பார்க்கிறவனா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கேட்டது சரி. சீட்டில்லாமல் பயணம் செய்கிறவருக்கு 3000 ரூபாய் தண்டமும், கட்டணத்தின் இரண்டு மடங்கும் என்று ஸ்டேஷன்களில் எழுதி ஒட்டியிருப்பதை நீங்களும் வாசித்திருப்பீர்கள்.

இந்தியாவிலும் இதே கதைதான். சென்னைக்கு வைத்தியத்துக்குப் போய்வருகிற நம்மூர்க்காரர் பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே மேடைச் சீட்டு பத்து ரூபாய், இரண்டு மணித்தியாலம் செல்லும், வண்டிக்குள் ஏற அது உரிமை தராது. ஜப்பானில் நுழைவுச் சீட்டு என்று ஒன்று விற்கிறார்கள், அதை வைத்துக்கொண்டும் பெட்டிக்குள் போகக் கூடாது. ரஷ்யாவில் வேறு மாதிரி. தூரப் பயணக் கோச்சிகளில் வழியனுப்ப வந்தவர்கள் உள்ளே போய் இருந்து கதைத்துவிட்டே வருவார்கள். புறப்பட ஐந்து நிமிடம் இருக்கும்போது பெட்டிக்குப் பொறுப்பானவர் வந்து, வழியனுப்ப வந்தவர்கள் எல்லாரும் இறங்குங்கள் என்று சொல்வார். எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும். ஏறுவதை மறிக்காமல், இறங்க வேண்டிய நேரத்தைச் சொல்லிவிடுகிறார்கள் பாருங்கள்.

நம்மிடம் அப்படிச் சொல்லிவிட ஆள் இல்லை. எழுத்தில் அனுமதி கிடையாது, நடைமுறையில் யாரும் பெரிதாக மறிப்பதும் கிடையாது. மட்டக்களப்பு ஸ்டேஷனில் இரவுக் கோச்சி நிற்கும்போது போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஏற்றிவிட வந்த நாலு பேராவது இருப்பார்கள். பேத்தியின் தலையைத் தடவுகிறவர், சாப்பாட்டுப் பார்சலைத் திறந்து கறி ஊற்றியிருக்கிறதா என்று பார்க்கிறவர், 'போனதும் கோல் எடு' என்று ஏழாவது தடவையாகச் சொல்கிறவர். நானே எத்தனையோ இரவுகளில் அதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நடந்திருக்கிறேன். வயது போனவரை, நடக்க முடியாதவரை, கைக்குழந்தையோடு தனியே போகிறவளை உள்ளே இருத்திவிட்டு வருவதை மனிதத்தன்மையுள்ள எந்த அதிகாரியும் குற்றமாகப் பார்ப்பதில்லை. 'உம்மாவை இருத்திவிட்டு இறங்கிவிடுகிறேன்' என்று அவர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிட்டால், பெரும்பாலும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

அப்படியென்றால் பிரச்சினை எங்கே? நீங்கள் ஏறுகிற இடத்தில்.

மட்டக்களப்பு இந்தப் பாதையின் கடைசி ஸ்டேஷன். அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. கல்முனைக்காரரும் அக்கரைப்பற்றுக்காரரும்கூட பஸ்ஸில் இங்கே வந்துதான் ஏற வேண்டும். கோச்சி புறப்படுகிற இடம் என்பதால் பெட்டிகள் நேரத்தோடே மேடைக்கு வந்து நிற்கும். ஆற அமர ஏறலாம், ஆற அமர இறங்கலாம். ஏறாவூரோ நடுவழி. கோச்சி வரும், நிற்கும், போகும். அந்த ஒரு நிமிடத்தில், அல்லது இரண்டு நிமிடத்தில், முழங்கால் நோவோடு உம்மா படியேற வேண்டும், நீங்கள் பின்னால் தாங்க வேண்டும், இலக்கம் பார்த்து இருக்கையைத் தேட வேண்டும், அதில் ஏற்கெனவே தூங்குகிறவரை எழுப்ப வேண்டும், பையை மேலே ஏற்ற வேண்டும், தயிர்ச் சட்டியை நேராக வைக்க வேண்டும், ஸலாம் சொல்ல வேண்டும், திரும்பி வாசலுக்கு வர வேண்டும். எப்படி முடியும்? இவ்வளவு காலம் முடிந்தது உங்கள் நல்ல காலம்.

மேடைப் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரியும் என்பதையும் சொல்கிறேன். அடுத்த பகுதிப் பாதை வெறுமையாக இருக்கிறது என்று லைன் கிளியர் கிடைத்து, சிக்னலும் இறக்கியாகிவிட்டால் கோச்சியைப் பிடித்து வைக்கக் காரணம் இல்லை. இது ஒற்றைப் பாதை. இங்கே ஐந்து நிமிடம் தாமதித்தால் எதிரே வருகிற கோச்சி எங்கேயோ ஒரு ஸ்டேஷனில் அந்த ஐந்து நிமிடத்தையும் காத்துக்கிடக்க வேண்டும். கார்ட் தன் பெட்டியிலிருந்து எட்டி மேடையை நீளத்துக்கும் பார்ப்பார். படியில் யாராவது கால் வைத்துக்கொண்டிருக்கிறார்களா, வாசலில் சாமான் கிடக்கிறதா, யாராவது ஓடி வருகிறார்களா, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். இரவில் பச்சை விளக்கைக் காட்டுவார், விசில், பிறகு எஞ்சின் ஹோர்ன். பெட்டியின் நடுவில் நின்று தயிர்ச் சட்டியை அசைத்துப் பார்க்கிற மகன் அவருடைய கண்ணில் படவே மாட்டான். மேடை வெறுமை என்றால் எல்லாரும் ஏறியாயிற்று, இறங்க வேண்டியவர்களும் இறங்கியாயிற்று என்றுதான் கணக்கு.

கோச்சி நகர்வதும் உடனே தெரியாது. பஸ் மாதிரி உறுமிக்கொண்டு பாய்வதில்லை. பாரமான கோச்சியை இழுக்கிற எஞ்சின் மெல்லத்தான் வேகம் எடுக்கும். தோராயமாக ஒரு கணக்குச் சொல்கிறேன். பத்தாவது விநாடியில் மணிக்கு 7 கிலோமீற்றர், நாம் எட்டி நடக்கிற வேகம். இருபதாவது விநாடியில் 14 கிலோமீற்றர், அது ஓடுகிற வேகம். பெட்டியின் நடுவிலிருந்து, வழியில் நிற்கிறவர்களை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வர உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? பத்து விநாடியில் வந்துவிட மாட்டீர்கள். உள்ளே நிற்கும்போது 'இப்போதுதானே நகர்ந்தது' என்றிருக்கும். வாசலுக்கு வரும்போது அது ஓடிக்கொண்டிருக்கும். குதிக்கிறவனின் கால் மேடையில் நின்றுவிடும், உடம்பு கோச்சியின் வேகத்தில் இன்னும் போய்க்கொண்டிருக்கும். உங்கள் உள்ளங்கை உரிந்தது அதனால்தான். முன்பக்கம் விழுந்தீர்கள், தப்பினீர்கள். பக்கவாட்டில் சரிந்தவர்களைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒன்று மட்டும். ஒருநாள் இரவு கோச்சி போன பிறகு டோர்ச் அடித்துப் பார்த்தபோது மேடைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் சல்லிக்கல்லின் மேல் ஒற்றைச் செருப்பு கிடந்தது. செருப்புக்காரர் ஃபுட்போர்டைப் பிடித்துத் தொங்கி, உள்ளே இருந்தவர்கள் இழுத்து ஏற்றி, உயிரோடு அடுத்த ஸ்டேஷனில் இறங்கினார் என்று தகவல் வந்தது. தகவல் வரும்வரை அந்தச் செருப்பை மேசைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தேன். அடுத்த நாள் வந்து வாங்கிக்கொண்டு போனார், ஒரு சிரிப்போடு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓடுகிற கோச்சியில் ஏறுவதும் இறங்குவதும் குற்றம், அதையும் எழுதி வைக்கிறேன். நீங்கள் கேட்ட சட்டக் கேள்வியில் பாரதூரமான பகுதி அதுதான். ஏறியதை மன்னிப்பார்கள், குதித்ததை மன்னிக்க மாட்டார்கள்.

சரி, இனி என்ன செய்யலாம்?

அடுத்த முறை உம்மாவின் டிக்கெட்டை ஏறாவூரிலிருந்து எடுக்காதீர்கள், மட்டக்களப்பிலிருந்து எடுங்கள். ஏறாவூரிலிருந்து மட்டக்களப்பு எவ்வளவு தூரம்? பதினைந்து கிலோமீற்றர்தான் இருக்கும். ஓட்டோவில் கொண்டுவந்து, கோச்சி மேடையில் நிற்கும்போதே ஏற்றிவிடலாம். கொழும்புக்குப் போகிற ஏறத்தாழ 350 கிலோமீற்றரில் இந்தக் கொஞ்ச தூரத்துக்கான கூடுதல் கட்டணம் பெரிய காசில்லை. ஓட்டோச் செலவு வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிர்த்திசையில் பதினைந்து கிலோமீற்றர் போய், பிறகு அதே ஏறாவூரைக் கோச்சியில் கடந்து போவதா என்று உம்மா சண்டை பிடிப்பார். பிடிக்கட்டும்.

அங்கேயும் புறப்பட பத்து நிமிடத்துக்கு முன் நீங்கள் மேடையில் இறங்கி நிற்க வேண்டும். மிச்சக் கதையை ஜன்னலால் கதையுங்கள். ஜன்னல் எதற்கு இருக்கிறது! ஒன்று, பழைய நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் மீனகயா கோச்சியில் மோதி ஆறு யானைகள் செத்ததை எல்லாரும் அறிவோம். அதன் பிறகு இந்தப் பாதையில் ஓடுகிற கோச்சிகளின் நேரத்தை மாற்றினார்கள். போகிற வாரத்தில் ஸ்டேஷனுக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிட்டே வெளிக்கிடுங்கள்.

மட்டக்களப்புக்குக் கொண்டுவர முடியாத இரவும் வரும். மழை, ஓட்டோ இல்லை, ஏதாவது. அப்படியென்றால் ஏறாவூரில் இப்படிச் செய்யுங்கள். கோச்சி வருவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்பே போய் நிலைய அதிபரைப் பார்த்து, வயது போனவர், கால் ஏலாதவர், இன்ன பெட்டி இன்ன இருக்கை என்று சொல்லுங்கள். அந்தப் பெட்டி மேடையின் எந்த முனையில் வந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். அங்கேயே உம்மாவை ஒரு கதிரையில் இருத்தி வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் நேரத்தைத் தொலைப்பது மேடை நீளத்துக்கும் ஓடுவதில்தான். சின்ன ஸ்டேஷன்களில் கடைசிப் பெட்டி மேடைக்கு வெளியே நின்றுவிடுவதும் உண்டு, அதையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. சொல்லி வைத்தால் நிலைய அதிபர் கார்டுக்கு ஒரு கை காட்டுவார். உம்மா உள்ளே போகும்வரை பச்சை விளக்கு வராது. இது சலுகை இல்லை, அவர்களுடைய வேலை. கேட்க வெட்கப்படாதீர்கள்.

மச்சானையும் கூட்டிப்போங்கள். மேடைச் சீட்டு எடுக்கச் சொன்னவர் அல்லவா, அதை எடுத்துக்கொண்டு மேடையிலேயே நிற்கட்டும். வாசலுக்கு நேரே, கார்டுக்குத் தெரிகிற மாதிரி, கையை உயர்த்திக்கொண்டு. நீங்கள் உள்ளே போவதானாலும் வெளியே ஒருவர் நின்றால் கார்டுக்கு விஷயம் விளங்கிவிடும். ஆனால் ஏறாவூரில் நீங்கள் உள்ளே போகாமலிருப்பதே நல்லது என்பதுதான் என் அபிப்பிராயம். படியில் ஏற்றிவிடும் வரைக்கும் உங்கள் வேலை. மிச்சத்தை உள்ளே இருக்கிற ஒரு பிள்ளையிடம் ஒப்படையுங்கள். 'தங்கச்சி, உம்மாவை இந்த இலக்கத்தில் இருத்திவிடுங்க' என்று சொன்னால் மாட்டேன் என்று சொல்லிவிட்ட ஒருவரையும் நான் இந்தப் பாதையில் கண்டதில்லை. பையை ஜன்னலால் கொடுத்தால் அவர்களே வாங்கி மேலே வைப்பார்கள்.

சிலர் ஒரு தந்திரம் செய்வார்கள். அடுத்த ஸ்டேஷனுக்கு மூன்றாம் வகுப்பில் ஒரு டிக்கெட் எடுத்துப் பொக்கெட்டில் வைத்துக்கொண்டு ஏறுவது. அதில் தப்பில்லை, மாட்டினாலும் சீட்டில்லாதவன் என்ற பெயர் வராது. ஆனால் முன்பதிவுப் பெட்டிக்குள் நிற்க அந்த டிக்கெட் போதாது. அதோடு, டிக்கெட் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் இன்னும் இரண்டு நிமிடம் உள்ளே நின்றுவிடுவீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் உள்ளே இருக்கும்போது கோச்சி நகர்ந்துவிட்டது என்று வையுங்கள். இறங்காதீர்கள். உம்மாவின் பக்கத்தில் போய் நில்லுங்கள். அபாயச் சங்கிலி இருந்தாலும் கை வைக்காதீர்கள், நீங்கள் வீட்டுக்குப் போக வேண்டியது அபாயம் ஆகாது. டிக்கெட் பார்க்கிறவர் வருமுன் நீங்களே அவரைத் தேடிப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். கட்டணம் கேட்டால் கட்டுங்கள். ஏறாவூரிலிருந்து அள்ளிக்கொண்டு போனால் கோச்சி அடுத்து நிற்கிற இடத்தில், அது வாழைச்சேனையாக இருந்தால் அங்கேயே, இறங்கி ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். அதைத் தவறவிட்டால் புணாணை, வெலிக்கந்தை என்று போகும், நடுராத்திரியில் அங்கே இறங்கி நிற்பது அவ்வளவு சுகமில்லை. எப்படியும் ஒரு இரவுத் தூக்கம்தான் போகும்.

2023 ஜனவரியில் ஆந்திராவில், ராஜமகேந்திரவரம் ஸ்டேஷனில் இப்படி ஒருவர் மாட்டினார். அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்த வந்தே பாரத் ரயிலுக்குள் படம் எடுக்க ஏறியிருக்கிறார். அதில் கதவுகள் தானாகப் பூட்டும். பூட்டிவிட்டன. அடுத்த நிறுத்தம் விஜயவாடா, ஏறத்தாழ 150 கிலோமீற்றர். கதவைத் திறக்கச் சொல்லி அவர் கெஞ்சியதை ஊரே வீடியோவில் பார்த்துச் சிரித்தது. நானும் பார்த்தேன். திறந்த கதவோடு ஓடுகிற நம்முடைய கோச்சியில் அந்த மனிதர் என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன், பூட்டிய கதவுக்கு நன்றி சொல்லத்தான் தோன்றியது.

கொழும்புப் பக்கத்தையும் தங்கச்சியிடம் சொல்லி வையுங்கள். கோட்டையில் கோச்சி வந்து நின்றதும் எல்லாரும் ஒன்றாக வாசலுக்கு நெருக்குவார்கள். உம்மா அசையாமல் இருக்கட்டும். கூட்டம் இறங்கி முடிய, கூட்டிப்போக வந்தவர் உள்ளே ஏறிக் கையைப் பிடித்து இறக்கலாம், அங்கே அவசரம் இல்லை. ஆனால் தூங்கிவிடக் கூடாது. வெறும் கோச்சியை அப்புறம் யார்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். யார்ட் இருப்பது தெமட்டகொடையில், உங்கள் தங்கச்சி வீட்டுப் பக்கம்தான். என்றாலும் முழங்கால் ஏலாத உம்மா இறங்க அங்கே மேடை கிடையாது.

கடைசியாக அந்தத் தயிர்ச் சட்டி. அதை மேலே வைக்கவே வேண்டாம். வாயைப் பேப்பரால் மூடிச் சணலால் இறுகக் கட்டி, பழைய சாரத் துணியைச் சும்மாடு மாதிரிச் சுற்றி அதன் நடுவில் இருத்தி, உம்மாவின் காலடியில் ஜன்னல் பக்கமாக வைத்துவிடச் சொல்லுங்கள். வெலிக்கந்தைக்கு அப்பால் எவ்வளவு குலுக்கினாலும் சரியாது.